ஜிப் ஃபைலில் அண்ணன் இல்லை

1. ஒரே மெயிலில் ஒரு தாலுகா

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டராக ஆரம்பித்த கடை, பிறகு ஜெராக்ஸ் கடையாகி, இப்போது ஆன்லைன் சேவைக் கடை என்ற பெயரில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். இருவருக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மெயிலைத் திறந்தால், ஒரே கம்பெனியிடமிருந்து ஒரே கடிதம் பக்கம் பக்கமாக வந்து கிடந்தது. ஒரு காலத்தில் ஊரே குடியிருந்த சமூக வலைத்தளம் அது. பெயர் வேண்டாம், போனவர்களைப் பற்றிப் பேசும்போது மரியாதை முக்கியம். ‘நாங்கள் மூடுகிறோம். தளம் இனித் திறக்காது. இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு அழித்துவிடுவோம்’ என்பது சாரம்.

எனக்கு ஏன் இத்தனை கடிதம்? காரணம் எங்கள் தொழில் முறை. கணக்குத் திறக்க வருகிறவருக்கு மெயில் ஐடி இருக்காது. கடை மெயிலைப் போடுவோம். பாஸ்வேர்டு மறந்துவிடுவார், ஆகவே எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. பிறந்த தேதி கேட்டால் யோசிப்பார். வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். ஆகவே எல்லாருக்கும் ஜனவரி ஒன்று. புத்தாண்டு அன்று இந்தத் தாலுகாவே பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஒரே மெயிலில் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் திறக்க அந்தத் தளம் விட்டது. அது மூடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடிதம் எனக்கு வந்தாலும் சேதி அவர்களுடையது. நம்பர் கிடைத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

திருவேங்கடத்து உரக்கடைக்காரர் கேட்டார்: “அதுல என்ன வே இருக்கு?”

“உங்க போட்டோ, நீங்க யாருக்கு என்ன எழுதினீங்கன்னு எல்லாம் இருக்கும் அண்ணாச்சி.”

“அதையெல்லாம் என் வீட்டுக்காரி பாக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்பச் சரி, போட்டும்.”

குருவிகுளத்து வாத்தியார் ஒருவர், “இப்பத்தான் மூடுதானா? அது செத்துப் பல வருசம் ஆச்சுன்னுல்லா நான் நினைச்சேன்” என்று இரங்கல் தெரிவித்தார். பெரும்பாலும் இப்படித்தான். டவுன்லோட் செய்ய முதலில் ஓடி வந்த ஆள் செல்லத்துரை.

2. செல்லத்துரையின் பாதி

செல்லத்துரை என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பனவடலிசத்திரம் பக்கம் கரிசல் நிலம் வைத்திருக்கிறான். அவன் நிலத்துக்குப் போக ஒரே வழி, அண்ணன் சண்முகத்தின் நிலத்து ஓரமாகப் போகும் வண்டிப்பாதை. அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று சில வருடமாகிறது. இந்த வருடம் சண்முகம் எல்லை நெடுக வேலிக்குக் கல்கால் ஊன்றிவிட்டார். கம்பி இழுத்தால் பாதை போச்சு. பாதை போனால் டிராக்டர் இறங்காது. புரட்டாசி விதைப்பு இல்லை.

“எங்க அண்ணன் மஸ்கட்ல இருக்கையில இந்தப் பாதைய நீயே வச்சுக்கன்னு எழுதுனான் வே. உம்ம கடையில வச்சு நீருதான வாசிச்சுச் சொன்னீரு? அத எடுத்துக் குடும். ஊர்ல நாலு பேரு முன்னால அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுதேன்.”

அவன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்ததும், வந்ததை வாசித்துச் சொன்னதும் உண்மைதான். ஆனால் அப்படி ஊருக்கே வாசித்திருக்கிறேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

ஜிப் ஃபைல் இறங்கியது. திறந்தோம். இருவரும் ஸ்கிரீனைப் பார்த்தோம்.

‘அண்ணே நல்லாருக்கியா.’
‘இங்க மழை பேருக்குப் பெஞ்சுது.’
‘ஊறுகா வந்து சேந்துச்சா.’
‘பாதை விசயம் ஒரு வார்த்தை சொல்லிரு. மதினி ஒரு மாதிரி பேசுதாக.’
‘ரொம்ப சந்தோசம்ணே.’
‘உடம்பப் பாத்துக்க.’

“எங்க அண்ணன் எங்க வே?” என்றான் செல்லத்துரை.

கம்பெனிக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். நீங்கள் எழுதியது உங்கள் தகவல். உங்களுக்கு மற்றவர் எழுதியது அவர் தகவல்; அது அவருடைய கணக்கில்தான் வரும். செல்லத்துரைக்கு மிச்சம் அவனுடைய சந்தோஷம் மட்டும்தான். எதற்காகச் சந்தோஷப்பட்டான் என்பது அண்ணனுக்குச் சொந்தம்.

“மஸ்கட் போறதுக்கு முன்னால திறந்த அவன் கணக்கும் உம்ம கடை மெயில்லதான இருக்கு? பாஸ்வேர்டும் தெரியும். திறந்து எடும்.”

“அது முடியாது வே.”

“முடியாதா, மாட்டீரா?”

“மாட்டேன். பக்கத்து வீட்டுல சாவியக் குடுத்துட்டுப் போறது, திறந்து பானைய உருட்டுறதுக்கா?”

“பெரிய பேங்க் மேனேஜரு! நாலு ஜெராக்ஸ் எடுக்கவனுக்கு வந்த வாழ்வப் பாரு. என் நிலம் தரிசாக் கிடந்தா நீரு வந்து சோறு போடுவீரா?”

உண்மையில் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு கிளிக்கில் அவன் விதைப்பு நடந்துவிடும். ஆனால் ஒருவனுக்காகத் திறந்த பெட்டியை அடுத்தவனுக்காகவும் திறக்க வேண்டிவரும். நியாயம் எல்லார் பக்கமும் இருக்கும் ஊர் இது.

3. சண்முகத்தின் பாதி

மற்றவர்களுக்குச் சொன்னது போலவே சண்முகத்துக்கும் போனில் சொன்னேன். செல்லத்துரை வந்து போனதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்து ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் கண்ணாடி கொண்டு வரவில்லை.

“வாசிங்க தம்பி.”

மறுபடியும் பழைய வேலை. வாசித்தேன்.

‘ஊறுகா வந்துச்சு. ரூம்ல எல்லாவனும் தின்னுட்டான்.’
‘மதினி பேசுறத காதுல போடாத. பாதை உனக்குத்தான். நான் இருக்க வரை எவனும் மறிக்க மாட்டான்.’
‘உடம்பு பரவால்ல. ஊர் நினைப்புத்தான்.’

சண்முகம் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இத வேற யாரு பாத்தா?”

“நீங்களும் நானுந்தான் அண்ணாச்சி.”

“கம்பெனிக்காரன் வச்சிருப்பானோ?”

“அழிச்சிருவோம்னு எழுதியிருக்கான். அழிப்பானான்னு அவன்கிட்டதான் கேக்கணும்.”

“இங்கன உள்ளது?”

“நீங்க சொன்னா அழிச்சிருதேன்.”

“அழிச்சிரும்.”

செல்லத்துரையின் முகம் வந்து போனது. ஆனால் ஃபைல் அவருடையது. அழித்தேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லி, அது காலியாகும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போனார். மாதக் கடைசியில் கம்பெனியும் கண்ணை மூடியது.

4. விதைப்புக்குப் பிறகு

ஐப்பசியில் செல்லத்துரை பயிர் இன்சூரன்ஸ் போட வந்தான். என்னைத் தவிர வேறு நாதியில்லாத வேலை என்பதால் வந்தான். நான் கேட்காமலே ஆரம்பித்தான்.

“கம்பி இழுத்துட்டான். ஆனா பாதை கிட்ட வண்டி போற அளவுக்கு விட்டுட்டான். உளுந்து விதைச்சாச்சு. எப்படின்னு நினைக்கீரு? ஊர்க்கூட்டத்துல வச்சுக் கேப்பேன்னு சொல்லி அனுப்புனேன்லா, அந்தப் பயம்! உம்ம கம்ப்யூட்டர நம்பியிருந்தா நான் இன்னைக்கி வெறும் வயலுக்குல்லா இன்சூரன்ஸ் போட்டுக்கிட்டு இருப்பேன்.”

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். வாடிக்கையாளருக்கு அவருடைய சொந்த நம்பரையும் மெயிலையும் போடுங்கள்; தெரியாவிட்டால் கற்றுக்கொடுங்கள்; வரிசை நின்றால் நிற்கட்டும். இல்லாவிட்டால் ஊராருடைய பாதி பாதிப் பேச்சுகளுக்கு நீங்கள் காவல் இருக்க வேண்டிவரும். கம்ப்யூட்டரில் உள்ளதை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. வாசித்தவனுக்கு அப்படி ஒன்று இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“என்ன வே, நான் சொல்லுதது சரிதான?” என்றான் செல்லத்துரை.

“உம்ம வாய்க்கு யாருதான் பயப்பட மாட்டான்?” என்றேன். “கட்டைவிரல இந்த ரேகை மெஷின்ல வையும்.”