ஸ்டியரிங்கை விடாத தேவகனி

என் தங்கை தேவகனி ராஸ் அல் கைமாவில் கார் ஓட்டுகிறாள். டயாலிசிஸ் நோயாளிகளைத் துபாய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வீட்டில் திரும்ப விடுகிற கம்பெனி. மணப்பாட்டில் எங்கள் குடும்பத்தில் சைக்கிளுக்கு மேல் யாரும் எதையும் ஓட்டியதில்லை. அதனால் இதை நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்வேன்.

லைசென்ஸ் லேசில் வரவில்லை. டெஸ்டில் மறுபடி மறுபடி ஃபெயில். காரணம் ஒன்றேதான்: வியர்வை துடைக்கவோ துப்பட்டாவை இழுத்துவிடவோ ஒரு கை ஸ்டியரிங்கை விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கும் போலீஸ் அம்மா உடனே ஓரம் கட்டச் சொல்லிவிடுவார். கடைசியில் ரூமில் டிவி பார்க்கும்போதுகூட எவர்சில்வர் தட்டை ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் பழகினாள். கூட இருந்த ரெஷ்மா சாப்பிடத் தட்டுத் தேடினால் அது இவள் கையில்தான் இருக்கும். பாஸானாள். அதன்பின் அந்தக் கைகள் ஸ்டியரிங்கை விட்டதே இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்து, நிரந்தரமாகும் நேரம் வந்தபோது கம்பெனி புது கார்கள் வாங்க நினைத்தது. தானாகவே சாலைக் கோட்டுக்குள் ஓடும் கார்கள். மூன்று கம்பெனிகளின் கார்கள் சோதனைக்கு வந்தன. சூப்பர்வைசர் முகம்மது சித்தீக் காயல்பட்டினத்துக்காரர். "புது வண்டிய ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குத்தான் விசா. மத்தவங்களுக்கு கலாஸ், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு டிரைவரும் ஒரு பயணியை அழைத்து வரவேண்டும். நான் அதே ஊரில் டைல்ஸ் ஃபாக்டரியில் ஓடு கோணலா என்று பார்க்கிறவன். நைட் டூட்டி முடித்து நேராக அவளுக்குப் பயணியாகப் போனேன்.

முதலில் வெள்ளை வண்டி. அது தானாகத் திரும்பும், ஆனால் கை ஸ்டியரிங்மேல் இருக்கவேண்டும், எடுத்தால் திட்டும். தேவகனியை அது திட்டவே இல்லை.

அடுத்தது கறுப்பு. கையை முழுக்க எடுத்துவிடலாம், கண் மட்டும் சாலையில் இருக்கவேண்டும். முன்னால் ஒரு சின்ன கேமரா கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். சோதனைக்கு அனுமதித்த நேர்சாலை வந்ததும் பக்கத்து சீட்டிலிருந்த சித்தீக், "இப்ப கைய எடும்மா" என்றார்.

அவள் எடுக்கவில்லை. பிடித்த பிடியில் ஸ்டியரிங் அசைந்து, வண்டி தானாக ஓடுவதை விட்டுவிட்டது.

"என்ன தாயி, எடுக்கச் சொன்னா அமுக்குத?"

"எடுத்தா ஃபெயில் ஆயிருவேன் சார்."

"எடுக்கலன்னாத்தான் ஃபெயிலு!"

என்னால் பொறுக்கமுடியவில்லை. "ஏ புள்ள, கை சும்மா கெடக்கதுதான பயம்? பூசையில கும்புடுத மாதிரி சேத்து வச்சுக்க" என்றேன்.

கை கூப்பினாள். வண்டி அழகாக ஓடியது. அடுத்த நொடி சீட் அதிர்ந்தது, கீ கீ என்று அலறியது.

"கண்ணத் தொற! கண்ணத் தொற!" என்று கத்தினார் சித்தீக்.

கை கூப்பினால் கண் மூடுவது எங்கள் கோவில் பழக்கம். அது எனக்குத் தோன்றவில்லை. அவள் கை அதற்குள் ஸ்டியரிங்குக்குப் போய்விட்டது. "ஒன் யோசனையில தீய வைக்க! ஒன்னால என் விசா போச்சு அண்ணே" என்றாள். மூன்றாவதாக வந்த சாம்பல் நிற வண்டி, சாலைக் கோடுகளை மணல் மூடிய இடங்களில் எல்லாம் பொறுப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தது. அதுவும் அவளைத் தேற்றவில்லை.

எல்லாரும் ஓட்டி முடித்ததும் எந்த வண்டி பிடித்தது என்று சித்தீக் டிரைவர்களைக் கேட்டார். எல்லாருக்கும் கறுப்புதான் பிடித்திருந்தது, கை ஓய்வாக இருக்குமாம். தேவகனி மட்டும் தலை குனிந்து, "வெள்ளை" என்றாள். பிறகு பயணிகளைக் கேட்டார், முதலில் என்னை.

"கறுப்புல நான் வெளியவே பாக்கல சார். இவ கையத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். வெள்ளையில தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீரா?"

"நைட் டூட்டி முடிச்சு வந்தேன், அதையும் சேத்துக்கிடுங்க" என்றேன். உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா?

சித்தீக் சிரித்துவிட்டார். "டயாலிசிஸ் முடிச்சு வாற ஆளும் அப்படித்தான வருவாரு? அவருக்குத் தூக்கம்தானே வேணும்."

மற்ற பயணிகளும் கறுப்பு வண்டியில் பயந்தே வந்ததாகச் சொன்னார்கள். வெள்ளை வண்டிகளையே வாங்கினார்கள். தேவகனிக்கு விசா அடித்தார்கள்.

மற்ற டிரைவர்களை அந்த வண்டி இன்றும் கையை வை, கையை வை என்று திட்டிக்கொண்டேயிருக்கிறதாம். என் தங்கையிடம் இதுவரை அது வாயைத் திறந்ததில்லை.