ஒற்றைக் கம்பியில் ஸ்ரான்லி

கொட்டாஞ்சேனையில் ஸ்ரான்லியின் வீட்டில் பல்பு எரிந்துபோனால் ஸ்டூலில் ஏறுவது அவனுடைய அம்மா மரியகொறற்றிதான். அப்பா கிளறன்ஸ் கீழே நின்று ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்பார். உயரம் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். துறைமுகத்தில் கிளார்க் வேலை. கொள்கலன்களை வானம் முட்ட அடுக்கியிருக்கும் இடத்தில், இத்தனை வருடமும் தரையை விட்டு எழும்பாமலே காலத்தை ஓட்டியவர். அவருக்குப் பிறந்த மகன்தான் நடக்கப் பழகிய கையோடு கையால் நிற்கவும் பழகினான்.

நான் ஷிப்லி, வெள்ளவத்தை. ஸ்ரான்லியும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே பாட்ச். ஜிம்னாஸ்டிக் அணியிலும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அவன் கம்பியில் கெட்டிக்காரன். நான் அவனுக்கு மெத்தை இழுத்துப் போடுவதில் கெட்டிக்காரன்.

கிளறன்ஸ் அங்கிள் மகனுடைய போட்டி எதையும் தவறவிட்டதில்லை. ஆனால் எதையும் முழுதாகப் பார்த்ததுமில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஒருமுறை பார்க்கப் போயிருக்கிறார். ஸ்ரான்லி கம்பியிலிருந்து விழுந்தான். அவன் எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறிவிட்டான். அங்கிளைத்தான் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் நிற்பார். உள்ளே கொறற்றி அன்ரி கத்துகிற கத்தலை வைத்து வெற்றியா தோல்வியா என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஸ்ரான்லிக்குப் பிடித்தது பாரலல் பார்ஸ். ஆள் உயரத்துக்கு மேலே, பக்கம் பக்கமாக இரண்டு கம்பிகள். இரண்டையும் பிடித்து ஆடுவதும், கைவிட்டுப் பறப்பதும், திரும்ப வந்து பிடிப்பதுமாக ஒரு விளையாட்டு. நாங்கள் இரண்டாம் வருடத்தில் இருந்தபோது கம்பிகளில் ஒன்றில் வெடிப்பு விழுந்துவிட்டது. புதியது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். மாதங்கள் போயின, கம்பி வந்தபாடில்லை. நாங்கள் எல்லோரும் தரைப் பயிற்சிக்கு மாறினோம். ஸ்ரான்லி மட்டும் மிச்சமிருந்த ஒற்றைக் கம்பியில் ஏறித் தலைகீழாக நின்றான்.

முதலில் விழுந்துகொண்டே இருந்தான். பிறகு நின்றான். நான் கீழே இருந்து பகிடி விடுவேன். சிரித்தால் விழுவான். அதனால் சிரிக்காமல் நிற்கப் பழகினான். கடைசியில் என்னுடைய பகிடி ஒன்றுக்குமே அவன் சிரிப்பதில்லை.

ஒருவழியாகப் புதிய கம்பி வந்து பொருத்தினார்கள். அந்தக் கிழமையிலேயே அது நடந்தது. ஸ்ரான்லி இரண்டு கம்பிகளுக்கும் நடுவே கீழே ஊஞ்சலாடிப் போய், மேலே எழும்பி, இரண்டு கையையும் விட்டு, காற்றில் ஒரு முழுச் சுற்றுத் திரும்பினான். வந்து இரண்டு கம்பிகளையும் பிடிக்க வேண்டும். இடக்கை போக வேண்டிய கம்பிக்குப் போகாமல் வலக்கைக்குப் பக்கத்திலேயே வந்து பிடித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மூக்கு உடைந்திருக்கும். அவன் ஒற்றைக் கம்பியில் தலைகீழாக, அசையாமல் நின்றான்.

"டேய், அத திரும்பச் செய்!" என்று கத்தினேன்.

"எதை?"

"இப்ப செஞ்சியே, அத!"

"அது பிழைச்சுப் போச்சு மச்சான்."

"அந்தப் பிழையத் திரும்பச் செய்!"

எங்கள் பயிற்சியாளர் சுபோதினி மிஸ் அந்த நேரம் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தார். கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வந்தார். "ஸ்ரான்லி, இப்படி ஒண்டை நான் எங்கையும் பார்த்ததில்லை" என்றார். அன்றிரவே உலக ஜிம்னாஸ்டிக் அமைப்பின் விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டியிருக்கிறார். மறுநாள் வந்து எங்களை உட்கார வைத்தார்.

"புத்தகத்தில இது இல்லை. சர்வதேசப் போட்டி ஒண்டில, முன்கூட்டியே அறிவிச்சு, விழாமல் செய்து காட்டினா இதுக்குச் செய்த ஆளின்ர பேரையே வைப்பினம். உலகம் முழுக்க அந்தப் பேராலதான் சொல்லுவினம்."

"ஸ்ரான்லி எண்டா மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"ஓம். ஜப்பான்காரனும் 'இப்ப ஸ்ரான்லி செய்யப் போறன்' எண்டுதான் சொல்ல வேணும்."

ஸ்ரான்லி சிரித்தான். நான் பார்க்க, அவன் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

தற்செயலாக நடந்ததை வேண்டுமென்று செய்வது லேசான காரியமில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. தோளில் எப்போதும் ஒரு நீல அடையாளம். நான் மெத்தைக்கு மேல் மெத்தை அடுக்கினேன். கொறற்றி அன்ரி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நேர்த்தி வைத்தார். அங்கிளிடம் யாரும் ஒன்றும் விளக்கவில்லை. "புதுசா ஒண்டு பழகிறான்" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

போன வருடம் ஆசிய நாடுகள் சில சேர்ந்த ஒரு போட்டி கொழும்பிலேயே நடந்தது. ஸ்ரான்லியின் புது வித்தையை மிஸ் முன்கூட்டியே எழுதி அறிவித்திருந்தார். அரங்கில் இருக்கைகள் நிறைந்து, படிகளிலும் ஆட்கள். என் உம்மாகூட வந்திருந்தார். போட்டிக்கு முந்திய பயிற்சியில் ஸ்ரான்லி விழுந்தான். இரண்டாவது முறை முயன்றும் விழுந்தான். சுபோதினி மிஸ் அவனைத் தனியே கூப்பிட்டு, "வேணாமெண்டா விட்டிடலாம், பழைய பயிற்சியையே செய்" என்றார். அவன் பிடி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் வெள்ளை மாவைப் பூசியபடி, "இல்லை மிஸ், செய்யிறன்" என்றான்.

அதே நேரம் வெளியே வேறொரு போட்டி நடந்துகொண்டிருந்தது. கொறற்றி அன்ரி வாகனங்களுக்கு நடுவே போய் அங்கிளின் சேர்ட் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு நீங்க உள்ளுக்கு வாறீங்க."

"எனக்கு ஏலாது கொறற்றி."

"கண்ணை மூடிக்கொண்டு இருங்க. ஆனா உள்ளுக்கு இருங்க. பெடியனுக்கு இண்டைக்கு நாங்க ரெண்டு பேரும் வேணும்."

அங்கிள் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஸ்ரான்லி கம்பியைப் பிடித்ததும் அரங்கு அடங்கியது. ஆடினான். கீழே போனான், மேலே வந்தான், கைவிட்டான். காற்றில் திரும்பினான். பிறகு பார்த்தால் ஒற்றைக் கம்பியில், இரண்டு காலும் சேர்ந்து கூரையை நோக்கி, நூல் பிடித்தது போல நிற்கிறான். மிச்சத்தையும் முடித்து, குதித்து, ஒரு அடிகூட நகராமல் நின்றான்.

அரங்கு அதிர்ந்தது. கொறற்றி அன்ரி அன்றைக்குத்தான் கத்தவில்லை; அழுதுகொண்டிருந்தார். கத்தியது அங்கிள். எழும்பி நின்று, "என்ட மகன்! அது என்ட மகன்!" என்று முன்வரிசைச் சிங்கள ஆட்களுக்கும் பின்வரிசைக் கொரியாக்காரருக்கும் தமிழிலேயே சொன்னார். எப்போது கையை எடுத்தார், எவ்வளவு பார்த்தார் என்று அவரே சரியாகச் சொல்லமாட்டார். விரலிடுக்கால் பார்த்திருக்க வேண்டும்.

பதக்கம் கிடைக்கவில்லை, ஆறாம் இடம். அது யாருக்கும் ஞாபகமில்லை.

சில மாதம் கழித்து உலக அமைப்பிடமிருந்து முடிவு வந்தது. சுபோதினி மிஸ் கைபேசியை நீட்டினார். திரையில் சின்னக் கோட்டுப்படம், அதன் கீழே பெயர். நான்தான் வாசித்தேன்.

"கிளறன்ஸ்."

ஸ்ரான்லி திரும்ப வாசித்தான். "மிஸ், இது என்ட பேர் இல்லை. டடிட பேர்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர்கள் குடும்பப் பெயரைத்தான் வைப்பார்கள். ஸ்ரான்லியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது, நம்மவர்களில் பலருக்கும் போல, தகப்பனின் பெயர்.

"எழுதிக் கேட்டா மாத்தலாமோ தெரியாது" என்றார் மிஸ். "கேக்கட்டா?"

ஸ்ரான்லி யோசிக்கவேயில்லை. "ஐயோ, வேணாம் மிஸ்!" என்றான். அவனுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "இதை முதல்ல போய் அவரிட்ட சொல்ல வேணும்."

இருவரும் ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கிள் முன்னறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்ரான்லி கைபேசியைக் கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டி, பெயரைப் பார்த்து, பயந்துபோனார்.

"என்ட பேர் ஏன் இதில கிடக்கு? நான் என்ன செய்தனான்?"

விளக்கிச் சொன்னோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அன்ரி, விஷயம் விளங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கிள் சிரிக்கவில்லை. மகனுடைய உள்ளங்கையை எடுத்து, தோல் தடித்த இடங்களை விரலால் தடவினார்.

"உன்ட பேரல்லோ வந்திருக்க வேணும் மகன்."

"என்ட பேரோட எப்பவும் உங்கட பேர்தானே டடி வாறது" என்றான் ஸ்ரான்லி.

அங்கிள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாருக்கும் கேக் வாங்க வேணும்" என்று சேர்ட்டைத் தேடினார்.

துறைமுகத்தில் அந்தக் கிழமை முழுக்க அவரைக் கண்டவர்கள் எல்லாம், "கிளறன்ஸ், எங்க ஒரு கிளறன்ஸ் போடு பாப்பம்" என்றார்கள். அவருக்கு அது பெரிய சந்தோஷம்.

போன மாதம் தாஷ்கண்டிலிருந்து ஒரு பெடியன் காணொளி ஒன்று போட்டிருந்தான். தலைப்பு 'கிளறன்ஸ், முயற்சி'. முதல் தரம் முதுகடிபட விழுகிறான். இரண்டாம் தரமும் அப்படியே. அங்கிளுக்கு அதைக் காட்டினேன். முழுதும் பார்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி ஷிப்லி, உமக்கு இங்கிலீஷ் நல்லா வரும்தானே. அந்தப் பிள்ளைக்கு ஒரு மெசேஜ் போடும்."

"என்ன அங்கிள் போட?"

"அடிகிடி படேல்லையோ எண்டு கேளும். அவசரப்படாமப் பழகச் சொல்லும். கிளறன்ஸ் சொன்னதாச் சொல்லும்."

அப்படியே எழுதி அனுப்பினேன். பதிலுக்கு அந்தப் பெடியன் நிறைய இதயங்களும் புதிய காணொளி ஒன்றும் அனுப்பியிருந்தான். அதில் ஒற்றைக் கம்பியில் கொஞ்ச நேரம், ஆடி ஆடியேனும், நின்றுவிட்டான்.