மதகு முதல் கலங்கல் வரை

எந்த ஊர் எல்லைக்குள் நுழைந்தாலும் நடராசன் முதலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரிப்பார். பார்வை நேரே இருக்கும். விரல்களை ஆட்டிக்கொண்டே கைகளை மெல்ல முன்னால் கொண்டுவருவார். விரல் ஆடுவது கடைக்கண்ணில் தட்டுப்பட்டதும் கைகள் நின்றுவிடும். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் இருப்பதுதான் ஊர் என்று அவருக்குள் ஒரு கணக்கு. அதை முடித்த பிறகுதான் கேரியரில் கட்டியிருக்கும் தகரப்பெட்டியை அவிழ்ப்பார்.

பெட்டியில் இருப்பது அம்மைப்பால். திண்டிவனம் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது அவருடைய உத்தியோகம். இது தெரிந்த பிள்ளைகளுக்கு அவர் கையை விரிப்பதன் அர்த்தம் வேறு மாதிரிதான் படும். “அம்மகுத்தி கைய விரிச்சிட்டாருடா, ஜல்தியா ஓடு!” என்று ஒரு குரல் கிளம்பும், தெரு காலியாகிவிடும். அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய முதுகைத்தான் தனக்குத் தெரியும் என்று சொல்லி அவரே சிரிப்பார்.

அதே பெட்டியில், ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றிய காமிரா ஒன்றும் இருந்தது. முண்டியம்பாக்கத்திலிருந்து மாற்றலாகிப் போன ரயில்வேக்காரர் ஒருவர் ஐம்பத்தேழாம் வருஷம் விற்றுவிட்டுப் போனது. அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு மனிதரையும் எடுத்ததில்லை. மயிலம் குன்று, மரக்காணத்து உப்பளம், செஞ்சி மலைப் பாறைகள், விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் சாலையை மூடி நிற்கிற புளியமரங்கள், இப்படியே போகும் அவர் படங்கள். முன்மூக்கு நீண்ட அந்தக் காலத்து பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு கிடைக்கவில்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி கொண்டுவந்த பெண்ணைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு வழியே தெரிந்த சவுக்குத் தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தச் சம்பந்தம் கூடவில்லை. அவரும் அதை மறுத்ததில்லை.

ஆனால் எடுத்த படம் ஒன்றுகூட அவருக்குத் திருப்தி தந்ததில்லை. “ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறாப்பல இருக்குது. கதவத் தெறந்துக்கினு வெளிய வந்து பாக்கணும், அப்படி ஒண்ணு வரமாட்டேங்குதே” என்பார். விரித்த இரண்டு கைக்கும் நடுவிலுள்ள அகலத்தைக் கண் பார்க்கிறது, காமிரா அதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை. இந்தக் குறையோடு அவர் பாட்டுக்குக் காலம் தள்ளியிருப்பார். சொந்த ஊர் ஏரி ரொம்பிய வருஷம் அதற்கு விடவில்லை.

சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போவார்; கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் உள்ளே போனால் அவர் சொந்த ஊர். அங்கே அண்ணன் பச்சைமுத்து படுத்த படுக்கையாக இருந்தார். ஏரி மதகைத் திறந்து, முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற பொறுப்பு அந்தக் குடும்பத்துக்கு உரியது. ஏரி வறண்டு கிடந்த ஒரு கோடையில், மதகுக் கல் மேல் ஏறி நின்று உள்ளே அடைத்திருந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அண்ணன், கால் தவறிக் கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மழை நாட்களில் ஏரியின் வடிகாலான கலங்கலில் தண்ணீர் மார்பளவு வழிந்தோடும்போது, தம்பியைத் தோளில் உட்காரவைத்து அக்கரையில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். அந்தத் தோளின் ஈரமும் புகையிலை வாசனையும் நடராசனுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

ஐந்து வருஷம் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. அறுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடாமல் கொட்டி, ஏரி ததும்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியே வெளியே பாய்ந்தது; ஊர்ப் பேச்சில் ‘கோடி போவது’. ஊரே கரையில்தான் நின்றது. அண்ணி தையல்நாயகி ஓடிவந்து, “ஏரி கோடி போவுதுங்க!” என்று சொன்னபோது பச்சைமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எனக்கு ஆறுதலுக்காவ சொல்ற. காலு சரியாப்பூடும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இதோ இவனுந்தான் சொன்னான். அதுவும் இப்படித்தான்.”

நடராசனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஆறு மாசத்தில் நடந்துவிடலாம் என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அவர்தான். பொய் என்று தெரிந்தே சொன்னது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. நல்ல சேதி எதைச் சொன்னாலும் அண்ணன் நம்புவதில்லை.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றால் அதற்கும் பச்சைமுத்து இசையவில்லை. “நாலு பேரு தூக்கிக்கினு போறது ஒரே ஒரு தபாதான். அது வரும்போது வரட்டும்.”

ஆகவே நடராசன் காமிராவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். படம் கழுவி வந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “ஏதோ ஒரு குட்டையப் புடிச்சிக்கினு வந்து ஏரின்றியா? மதகு எங்க? கலங்கல் எங்க?” என்று கேட்டார். அடுத்த வாரம் மூன்று படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து, சோற்றுப் பசையால் ஒட்டிக் கொண்டுவந்தார். ஒட்டிய இடத்தில் நீர்மட்டம் ஒன்றுக்கொன்று நூலளவு ஏறி இறங்கியிருந்தது. தண்ணீர் கட்டியே வாழ்ந்த மனிதர் கண்ணுக்கு அது தப்புமா? “டேய், தண்ணி என்னிக்காவது படி படியா நின்னு பாத்திருக்கிறியா?” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மதகும் கலங்கலும் ஒரே படத்தில் விழவேண்டும். தை பிறந்தால் ஊர்க்காரர்கள் மதகைத் திறந்துவிடுவார்கள், தண்ணீர் இறங்கிவிடும். இனி எத்தனை வருஷம் கழித்து ஏரி இப்படி ரொம்புமோ, அதுவரை அண்ணன் இருப்பாரோ என்னவோ. நடராசன் இரண்டு மூங்கில் பட்டைகளை ஒரு முனையில் சேர்த்து ஆணி அடித்தார். ஏரிக்கரை முழங்கை போல மடங்குகிற இடத்தில் நின்று, ஒரு பட்டையை மதகுக்கு நேராகவும் இன்னொன்றைக் கலங்கலுக்கு நேராகவும் திருப்பி, அசையாதபடி குறுக்கே ஒரு குச்சியை வைத்துக் கட்டினார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தகரப்பெட்டியோடு புதுச்சேரி பஸ் ஏறினார். “இன்னாய்யா இது, ஏணியா? பாதியிலயே நின்னு போச்சே!” என்றார் கண்டக்டர்.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது விட்டுப்போன சாமான்களைப் புதுச்சேரியில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர் பெரியநாயகம். கோடு போட்ட சட்டையும் வாயில் சுருட்டுமாக உட்கார்ந்திருந்தவர் முன்னால் நடராசன் மூங்கில் பட்டையை வைத்தார். “இம்மாம் அகலத்துக்குப் பாக்கற லென்ஸு வேணுங்க.”

“முசியே, லென்ஸுக்கு அளவு எடுத்துக்கினு வந்தவரு உலகத்துலயே நீங்க ஒருத்தருதான்” என்று பிரெஞ்சு மரியாதையில் சொல்லிவிட்டுப் பெரியநாயகம் மூன்று லென்ஸுகளை எடுத்துவைத்தார். ஒவ்வொன்றோடும் அதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடிக் கூடு உண்டு. கண்ணில் வைத்துப் பார்த்தால் படத்தில் எவ்வளவு விழும் என்று தெரிந்துவிடும். நடராசன் பட்டைகளின் இரண்டு நுனியிலும் தீப்பெட்டியை நிற்கவைத்து, ஆணிப் பக்கம் கண்ணாடியை வைத்துக் குனிந்தார். முதல் லென்ஸுக்கு இரண்டு தீப்பெட்டியும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது லென்ஸ் பெரிய டம்ளர் அளவு. முன்கண்ணாடி ஊதா நிறத்தில் மின்னியது. மூலைவரை முடி முடியாகத் தெளிவாக விழும், மங்கல் வெளிச்சத்திலும் எடுக்கலாம், இதை விட்டால் கிடைக்காது என்று பெரியநாயகம் சத்தியம் செய்தார். நடராசன் அதைக் கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒன்று தன் கையில் ஒருநாள் வரும் என்று கனவு கண்டவர்தானே! ஆனால் இரண்டு பக்கமும் தீப்பெட்டி விரலளவு வெளியே நின்றது.

மூன்றாவது, சுண்ணாம்பு டப்பி அளவே இருந்த ஒரு குட்டை லென்ஸ். பித்தளை தெரியத் தேய்ந்துபோனது. “இது வேணாங்க. வெளிச்சத்தக் கொஞ்சூண்டுதான் உள்ள வுடும். மூல நாலும் இருட்டிக்கினு வரும். ஓரத்துல ஆளு நின்னா மூஞ்சி பூசணிக்கா மாதிரி பூடும்” என்றார் பெரியநாயகம். நடராசன் குனிந்து பார்த்தார். இரண்டு தீப்பெட்டியும் உள்ளே, கம்பீரமாக.

“நான் வெயில்ல எடுக்கறவங்க. மூஞ்சி எடுக்கறதில்ல” என்றார் அவர். பிறகு தகரப்பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட் விளக்குக்கும் பஞ்சுக்கும் நடுவே இருந்த சந்தில் அதை வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது. பெரியதை இன்னொரு முறை பார்த்தார். “அதுதான் நல்ல லென்ஸுங்க. ஆனா எங்க ஏரி அதுக்குள்ள அடங்காதுங்க.” விலை என்ன என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளிக்கு வாங்கிய கைக்கடியாரம் அதற்கப்புறம் அவர் கையில் காணப்படவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கரை மடங்குகிற இடத்தில் நின்று எடுத்தார். மதகும் விழுந்தது, கலங்கலும் விழுந்தது. திண்டிவனத்து ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு வாங்கி, அடுத்த சனிக்கிழமை அண்ணன் கையில் கொடுத்தார். பச்சைமுத்து படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார்.

“ரொம்பித்தான் இருக்குது” என்றார் கடைசியில். “ஆனா யாரோ ஊரான் ஏரி மாதிரி இருக்குது. எல்லாம் குட்டியாப் பூட்டு எங்கியோ தூரமா நிக்கிது. எங்க நின்னு எடுத்த?”

“கரை மேலண்ணா.”

“கரை மேல நின்னு பாக்கறவன் தாசில்தாரு. நாம எங்க ஒக்காருவோம்?”

கரையின் அந்த மடிப்புக்குக் கீழேயே கல் படிகள் இருக்கின்றன. வேலை முடிந்து அண்ணனும் தம்பியும் அங்கேதான் உட்காருவார்கள். மடியில் கொண்டுபோன வறுத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்பார்கள். தோல் மிதந்து மிதந்து மதகுப் பக்கம் போகும். “படியிலண்ணா” என்றார் நடராசன்.

“கால எங்க போடுவோம்?”

“தண்ணியில.”

“அங்க போயி எடு.”

மறுநாள் வெயில் ஏறியதும் நடராசன் படியில் உட்கார்ந்தார். கால்களை நீட்டித் தண்ணீரில் போட்டார். வழக்கம்போல் கைகளை விரித்து, விரல்களை ஆட்டி, முன்னால் கொண்டுவந்தார். இடக்கை நேராக மதகு, வலக்கை நேராகக் கலங்கல். காமிராவை மார்போடு அணைத்து, இலேசாகத் தாழ்த்திப் பிடித்து, பத்துத் தரம் நீர்மட்டத்தைச் சரிபார்த்த பிறகுதான் விரலை அழுத்தினார்.

அந்தப் படம் வந்தபோது அவருக்கு அழுகை வராத குறை. ஏரி முழுசாக விழுந்திருந்தது. தண்ணீர் கலங்கல் கல் மேல் வெள்ளையாக வழிந்தது. படத்தின் கீழ் ஓரத்திலிருந்தே சிற்றலை தொடங்கி எதிர்க்கரைவரை விரிந்து கிடந்தது. ஆனால் அந்தக் கீழ் ஓரத்தில், தெளிந்த தண்ணீருக்கடியில், சேற்றில் புதைந்த பெருவிரல்களோடு அவருடைய இரண்டு பாதங்களும் பெரிதாக விழுந்து தொலைத்திருந்தன. ஸ்டூடியோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொன்று எடுக்க வழியில்லை. போகிக்கு முந்தின நாளே மதகைத் திறந்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனார். அண்ணி கேப்பைக் கூழைக் கலக்கி வைத்துவிட்டு, அண்ணன் தலைக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினாள். பச்சைமுத்து படத்தை வாங்கினார். எட்டப் பிடித்துப் பார்க்கவில்லை, கிட்ட வைத்துப் பார்க்கவில்லை. மடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“கீழ என் காலு வந்துட்டுதுண்ணா. கவனிக்காம பூட்டேன்” என்று நடராசன் குழறினார். “ஸ்டூடியோவுல சொல்லி அந்த எடத்த மட்டும் வெட்டிடச் சொல்றேன்.”

அண்ணன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கண் மதகிலிருந்து கலங்கல்வரை மெல்லப் போய்விட்டுத் திரும்பி, அந்தப் பாதங்களில் வந்து நின்றது. பிறகு அவருடைய வலது கை கீழே போனது. அசைவில்லாமல் கிடந்த கால்கள் மேல் வேட்டி ஓரத்தைத் தேடிப் பிடித்து, நனைந்துவிடாமல், முழங்காலுக்கு மேல் ஏற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார்.