ஆறு செகண்ட் அக்கா

போன் இரண்டாவது முறை அடிப்பதற்குள் மூன்றாம் மேஜைக்காரர் எடுத்துவிட்டார். "சொல்லுங்க, என்ன அவசரம்?" அவர் முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறது. ஒரு காதில் ஹெட்போன், மறு காது அறைக்கு. அழைத்தவர் அழுகிறார், திட்டுகிறார், சொந்த வீட்டு எண்ணையே மறக்கிறார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்று தெரிந்ததும் அம்மாள் தாளில் நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு பெருமூச்சு விடுகிறார். "முதல்ல அட்ரஸைக் கேட்டிருந்தா முப்பத்திமூணுல முடிஞ்சிருக்கும் சார்."

அம்மாளின் உத்தியோகத்துக்கு ஆலோசகர் என்று பெயர். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்ணில் அழைப்பு வரும் அரசாங்க அறைகளுக்குக் கணினி முறையை வகுத்துக் கொடுப்பவர். எந்தக் கேள்வி முதலில், எந்தப் பொத்தான் சிவப்பு, எந்த மணி எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அவர் சொல்படி. நேரில் எல்லோரும் 'மேடம்' என்பார்கள். தலை மறைந்ததும் 'ஆறு செகண்ட் அக்கா.' நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டிலும் இதே கூத்துதான். கதவைத் திறக்கக் கணவர் தாமதித்தால் "பதினெட்டு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். பால் பொங்க எத்தனை செகண்ட் ஆகும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை பொங்கி வழிந்துவிடும், காரணம் அந்த நேரத்தில் யாரிடமாவது செகண்டைப் பற்றித்தான் போனில் பேசிக்கொண்டிருப்பார். "நான் அழுதுட்டிருக்கேன், நீ மணி பாக்கறியேம்மா" என்று மகள் ஒருமுறை கேட்டாள். அக்காவுக்கு அது பாராட்டா புகாரா என்று கடைசிவரை விளங்கவில்லை.

பட்டப்பெயரின் கதை இரண்டு வருடம் பழையது. எரியும் வீட்டிலிருந்து அழைத்த ஒரு பெண் ஐம்பத்திரண்டு செகண்ட் காத்திருக்க நேர்ந்தது. அவளுக்கு முன்னால் இருந்த நான்கு அழைப்புகளிலும் பேச்சே இல்லை. பாக்கெட்டுக்குள் தானாக அழுந்திய போன், விளையாட்டுக்கு எண்ணை அழுத்திய குழந்தை, இப்படி. அந்தப் பதிவைக் கேட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை. மறுநாள் மேஜையைத் தட்டினார்: "பேசற வாய் வாசல்ல நிக்குது, பேசாத பாக்கெட் உள்ள உக்காந்திருக்கு. இது என்ன நியாயம்?"

அப்படி வந்தது விதி. அழைப்பு மேஜைக்கு வருமுன் கணினியே காது கொடுக்கும். ஆறு செகண்டுக்குள் பேச்சு இல்லையென்றால், ஒரு குரல் அறிவிப்பைப் போட்டுவிட்டு அதுவே துண்டித்துவிடும்.

மூன்றாம் மேஜைக்காரர் மட்டும் கேட்டார். "மூச்சு சத்தம் கேட்டா, யாரோ இருக்காங்கன்னு அர்த்தம் இல்லையா மேடம்?"

"மூச்சு எல்லாருக்கும்தான் வருது சார். பேச்சு வந்தாதான் கேஸு."

அறை சிரித்தது. காத்திருக்கும் நேரம் ஒன்பது செகண்டுக்கு இறங்கியது. அதிகாரிகள் அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல்மாடியில் கூட்டம். இந்த விதியை எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோகிற தாளில் அக்காவின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அக்காவோ சாம்பிள் பார்க்காமல் கையெழுத்துப் போடாத ஜாதி. "கட் ஆன கால்ஸ்ல ஒரு பத்து குடுங்க சார், காதால கேட்டுடறேன்" என்றார். இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத ஒன்று அது.

மூன்றாம் மேஜைக்காரர் பத்து கொண்டுவரவில்லை. பதினொன்று கொண்டுவந்தார். எல்லாம் ஒரே எண்ணிலிருந்து, ஒரே பகலில், இருபத்துமூன்று நிமிடத்துக்குள். கூடவே தபாலில் வந்த ஒரு கடிதம். "முதல்ல கேளுங்க மேடம். அப்புறம் படிங்க."

முதல் பதிவில் நகத்தால் போனைத் தட்டும் சத்தம். டொக், டொக், டொக். ஆறு செகண்ட். பிறகு அறிவிப்பு.

"உங்கள் அழைப்பில் பேச்சு எதுவும் இல்லை. அவசரம் என்றால் மட்டும் மீண்டும் அழைக்கவும். நன்றி." கடைசியில் ஒரு தும்மல்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய குரல். அந்தத் தும்மல் அவர் கணவருடையது. மாதிரிக்கு என்று சமையலறையில் நின்று போனில் பேசி அனுப்பியது. நல்ல குரலில் வேறு பதிந்து மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். யாரும் மாற்றவில்லை. துண்டிக்கப்படுகிறவர் காதில் மட்டும் விழும் அறிவிப்பு அது. இந்த அறையில் ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

இரண்டாவது பதிவிலும் தட்டல். நான்காவதில் பாத்திரத்தில் அடிக்கும் சத்தம். ஏழாவதில் அடி தாறுமாறாக விழுந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் அக்கா மரியாதையாக நன்றி சொன்னார், கணவர் தும்மினார். பதினொன்றாவதில் தட்டலே இல்லை. மூச்சு மட்டும்.

கடிதம் சின்னது. 'தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து எனக்குப் பேச்சு கிடையாது. மனைவி குளியலறையில் விழுந்து கிடந்தாள். அவசரம் என்றால் மீண்டும் அழைக்கச் சொன்னார்கள், அழைத்தேன். பிறகு தெருவுக்கு ஓடி ஒரு வண்டியின் குறுக்கே நின்றேன். உயிர் தங்கிவிட்டது, ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. நேரத்துக்கு வந்திருந்தால் அவற்றையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். என் மூச்சாவது அந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.'

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கணினியில் அந்தத் தேதியைத் தேடி எடுத்தார். பதினொன்றும் அங்கே இருந்தன, பச்சை நிறத்தில், 'வெற்றிகரமாகக் கையாளப்பட்டவை' என்ற வரிசையில். அந்த வரிசைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

"ஏன் சார் அன்னைக்கே இன்னும் கொஞ்சம் சண்டை போடலை?" என்றார்.

"எல்லாரும் சிரிச்சாங்களே மேடம்" என்றார் மூன்றாம் மேஜைக்காரர்.

ஸ்டாப்வாட்சை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு அக்கா மாடி ஏறினார்.

பெரிய அதிகாரி பேனாவைத் தாளின்மேல் தயாராக வைத்திருந்தார். "ஆரம்பிக்கலாமா மேடம்?"

அக்கா பேனாவைத் தொடவில்லை. தன் போனை மேஜை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பயிற்சிக்கென்று இருக்கும் சோதனை எண்ணை அழுத்தினார். ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். மறு கை நகத்தால் மேஜையைத் தட்டினார். டொக், டொக், டொக்.

அவருடைய குரலே நன்றி சொன்னது. தும்மலுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா மறுபடி அழுத்தினார். மறுபடி தட்டினார். "லைன்ல ஏதோ கோளாறு போல" என்றது ஒரு குரல். மூன்றாவது முறை. நான்காவது. ஐந்தாவது முறை தும்மலுக்கு யாரும் சிரிக்கவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

ஆறாவது நன்றி முடிந்ததும் பெரிய அதிகாரி போனை அணைக்கக் கை நீட்டினார். "புரிஞ்சுது மேடம். போதும்."

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உதட்டிலிருந்து விரலை எடுக்காமலே, ஏழாவது முறை அந்த எண்ணை அழுத்தினார்.