மாமா குடித்தது எந்த மருந்து?

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஓர் ஆவணி மாதக் காலையில், மன்னார்த் தீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஆட்கள் ஏற்ற என் பழைய வானை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். ரேடியேற்றரைத் திறந்துவிட, பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் துருப்பிடித்த கறள் தண்ணீர் ஓடியது. கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். இனிக் கறள் பிடிக்காமலிருக்க ஒரு பச்சைத் திரவம் கலக்க வேண்டும். கராஜ்காரர் அதை 'மருந்து' என்றுதான் சொல்லுவார். பெரிய கானிலிருந்து அளந்து ஒரு சோடாப் போத்தலில் தந்திருந்தார். அதைக் குசினி மேசையில் வைத்தபடியே மறந்துவிட்டு, வானுக்கு ஒரு ரயர் ரியூப் வாங்க மோட்டார் சைக்கிளில் உயிலங்குளத்துக்குப் போய்விட்டேன்.

ரியூபைக் கழுத்தில் மாட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மனைவிக்குப் போன் எடுத்து, மேசையில் இருந்த மருந்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஓமப்பா, அப்பா அப்பவே குடிச்சிட்டார். இண்டைக்கு நல்லா இனிக்குதாம்."

அதோடு என் போன் செத்துவிட்டது.

மனைவியின் அப்பா, என் மாமா, சளிக்கு ஒரு பச்சை இலைக் கசாயம் குடிக்கிறவர். அதுவும் சோடாப் போத்தலில்தான் இருக்கும். கசாயம் எங்கேயாவது இனிக்குமா? வான் மருந்துதான் இனிக்கும், குடித்தால் ஆளையே முடித்துவிடும் என்று கராஜ்காரர் எச்சரித்திருந்தார்.

மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. தீவுக்குத் திரும்பும் பாலத்தில் வரும்போது, மாமாவின் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக அந்தோனியாருக்கு நேர்ந்தேன். மாமா நல்ல நெடுவல். என்றாலும் நான் பேரம் பேசவில்லை.

வீட்டுக்குள் பாய்ந்தால், மாமா கதிரையில் வாயைப் பிளந்தபடி சாய்ந்து கிடக்கிறார். "ஐயோ மாமா!" என்று கத்திக்கொண்டு தோளைப் பிடித்து உலுப்பினேன். கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மருமோன், நித்திரை கொள்ளவும் விடமாட்டீரோ? கழுத்தில மாலையோட வந்து நிக்கிறீர், ஆருக்கு அது?"

அப்போதுதான் ரியூப் இன்னும் கழுத்தில் கிடந்தது தெரிந்தது. மனைவி சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். கசாயம் கசக்குது என்று அவர் புறுபுறுத்ததால் பனங்கட்டி கரைத்துக் கொடுத்தாளாம். வான் மருந்து மேசையில் அப்படியே இருந்தது.

நானும் சிரிக்கத் தொடங்கினேன். அவள் அந்தப் போத்தலைத் தொட்டுக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "முதல் இதைத்தான் கசாயமெண்டு எடுத்தனான். மூடி துறபடேல்ல. அதாலதான் மற்றதை எடுத்தனான்."

என் சிரிப்பு பாதியில் நின்றது. கராஜ்காரர் இறுக்கிய ஒரு மூடிதான் மாமாவைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத் திறந்து ரேடியேற்றருக்குள் ஊற்றி முடித்தேன். அன்றிலிருந்து குடிக்கிற போத்தலில் குடிக்கக் கூடாத எதுவும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.

மாமாவும் நானும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அவர் ஏசுவார், நான் பகிடி பண்ணுவேன். இன்றைக்கும் அவர் ஏசத் தொடங்கினால், பதிலுக்கு வாயைத் திறக்க முன்னம் கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்தக் குரல் வீட்டில் கேட்கிறதே எனக்குப் பெரிய காரியம்.