அக்காவின் கல் பாவும் என் பொறாமையும்

அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். அவரைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. என்னைப் பற்றி வருவதுதான் அப்படி இராது. இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மாகறலில், அம்மா பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். நான் மூன்று வயது இளையவள். அப்பாவின் தறியில் இருவரும் ஒரே வருடத்தில்தான் உட்காரத் தொடங்கினோம். நான் இழையைத் தவற விட்டால் திட்டு விழும். அக்கா விட்டால், இன்றைக்குக் கோயில் தூணில் எதைப் பார்த்துவிட்டு வந்தாய் என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார். சென்னைக்குச் சிற்பம் படிக்க அக்கா போனபோது, அவர் எழுந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. அக்கா கேட்டுத்தான் அப்படி ஆயிற்று என்று பல வருடம் நம்பினேன். அது உண்மையில்லை, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அக்கா படிப்பு முடிந்து ஊருக்கே வந்து, பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் பத்தியம் சமைத்துப் போட்டவர் அவர்தான். அப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அக்கா செய்த களிமண் உருவங்களைத்தான் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில்தான் அக்காவுக்குக் கல்லில் ஒரு பாவு என்ற எண்ணம் வந்தது. தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பாவு கட்டுகிறோமே, அதை ஊர் எல்லையில், சென்னைச் சாலைக்கு மேலே நிறுத்த வேண்டும் என்றார். பனை உயரத்துக்குக் கல்லில் ஆண்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர். அவர்கள் கைகளுக்கிடையே எஃகுக் கம்பியில் பாவு. ஊருக்குள் வரும் பேருந்தெல்லாம் அதன் கீழே நுழைந்து வரும். நகராட்சி அதிகாரி ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. நெசவாளர் சங்கம் சம்மதக் கடிதம் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

சங்கக் கூட்டத்துக்கு அக்கா அதன் சிறு களிமண் மாதிரியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். நான் அப்போது நிர்வாகக் குழுவில் இருந்தேன். எல்லாரும் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, “உங்க அக்கா வேலைதானேம்மா, நீயே சொல்லு. இது ஆகுமா?” என்றார்.

“தெருவுல பாவு போடவே எடம் இல்லாம தவிச்சிக்கினு இருக்கறோம். எங்க அக்கா ஆகாசத்துல போடப் போறாங்க” என்றேன்.

கூட்டமே சிரித்தது. நான் பேசி ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இனித்தது. கடிதம் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில் அக்கா என்னைக் கோபிக்கவில்லை. “பாவு ரொம்ப உசரமா இருக்குதா? எவ்வளவு எறக்கணும்மா?” என்று கேட்டார். நெசவுக்காரியான நான் குறை கண்டுபிடித்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டார் போல. ஒரு கை அளவு காட்டினேன். கைக்கு வந்ததைத்தான் காட்டினேன்.

அதிலிருந்து இருபது வருடம், மாதிரியைக் கலைத்துக் கலைத்துச் செய்தார். ஒவ்வொன்றையும் என் தறிக்கு எதிரே கொண்டுவந்து வைப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குறை சொல்லி அனுப்புவேன். இந்தக் கை பாவு பிடிக்கிற கையா என்று ஒரு நாள் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதிகாரிகள் மாறினார்கள். கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. அக்கா நிறுத்தவில்லை.

போன வருடம் நுரையீரல் நோயில் படுத்தார். மருத்துவமனையில் ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன்: “அன்னைக்குக் கூட்டத்துல பொறாமையிலதான்க்கா அப்படிப் பேசினேன்.”

“தெரியும்மா. எல்லாரும் சிரிக்கச்சே நான் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்” என்றார். இன்னும் இரண்டு வாய் குடித்துவிட்டு, “ஆனா உசரம் தப்புதான். நீ சொன்னது சரி” என்றார்.

மன்னித்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என் வயிற்றெரிச்சலைக்கூட வேலைக்கு எடுத்துக்கொண்டாரே என்று, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவும்போதும் பொறாமைதான் வந்தது. நாலாம் நாள் அக்கா போய்விட்டார்.

கடைசிவரை உடன் இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அக்காவைத் தோள்கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், பல ஊர்களிலிருந்து வந்து நின்ற அவருடைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வருட திதியன்று அக்காவின் கடைசி மாதிரியைக் கூடத்தில் வைக்கிறோம். வருகிறவர்கள் அதன் முன் நின்று, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் ஒரு நாளும் அவரிடம் அதைச் சொன்னதில்லை.