வாடகை என்ற கட்டம்

வீடமைப்பில் மேற்படிப்பு என்றால், சொந்த வீடுள்ளவர்கள் அச்சடித்த கேள்விகளை வீடில்லாதவர்களிடம் போய்க் கேட்பது. படிவக் கட்டோடு மலையேறி மூச்சு வாங்கியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நகரமா, கிராமமா?

எங்கள் துறை நகரத் திட்டமிடல். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களை ஆராயப் போகிறேன் என்றதும், பேராசிரியர் கொழும்பு மாடிக் குடியிருப்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோட்டம் நகரத்திலும் சேராதாம், கிராமத்திலும் சேராதாம். அப்படியானால் அவர்கள் ஆகாயத்திலா குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் வாதாடித்தான் அனுமதி கிடைத்தது. கையெழுத்துப் போடும்போதும் அவர் விடவில்லை:

"போய் வாருங்கள். ஆனால் அங்கே இருப்பது தங்குமிடம். வீடு என்று எழுதிவிடாதீர்கள்."

ஒரே பதில்

லயத்துக்குள் நுழையத் தோட்ட மேலாளரான துரையின் அனுமதி வேண்டும். சொந்த மாமனைப் பார்க்கப் போகிறவரும் கேட்க வேண்டுமாம். ஆபீசில் பெரிய கிளாக்கர் என் படிவங்களைப் புரட்டினார். நல்ல மனிதர், தேநீர்கூட வரவழைத்தார். பிறகு தன் பேனாவையே நீட்டினார்:

"சொந்தக்காரரு யாருன்னுதானே கேக்குறீங்க? எல்லாத் தாளுலயும் கம்பெனின்னு எழுதிட்டு மத்தியான ரயில்லயே போயிருங்க மிஸ். எதுக்கு அட்டைக்கடி படுறீங்க?"

அளவு

லயத்து அறைக்குக் காம்பரா என்று பெயர். மருதாயி அக்காவின் காம்பராவில் அளவு நாடாவை விரித்தேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்ட மூத்த மகள் லெட்சுமி, நான் தாளில் பெருக்கி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டாள். அடுப்பு, விறகு, சாமி படம், தாய், நான்கு பிள்ளைகள், எல்லாம் அந்த விடைக்குள்தான். நாடா சுவரில் முட்டியதும் மருதாயி சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் காலை மடக்கித்தான் படுத்தாரு. செத்தப்பறந்தான் நீட்டுனாங்க. அதையும் எழுதிக்கங்கம்மா."

வாடகை

அடுத்த கேள்வி வாடகை. இல்லை என்றார். 'இல்லை' என்று எழுதப் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. தோட்ட வேலைக்கு ஒரு பேராவது கொடுக்கிற குடும்பத்துக்குத்தான் காம்பரா. புருஷன் இறந்தது போன மாதம். மருதாயிக்கு நெஞ்சுக் கோளாறு, அவர் பேரை முன்பே வெட்டிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் புதுப் பேர் விழாவிட்டால் சட்டிபானை வாசலில். எட்டாம் வகுப்புப் படிக்கிற லெட்சுமியை விட்டால் வேறு பேர் இல்லை.

மலையிறங்கி ஓடினேன். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கிளாக்கரிடம் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. வேலை போனால் தன் குவார்ட்டர்ஸும் போகும் என்றார், ஏதோ மழை வரும் என்பதுபோல. அந்த நிதானம்தான் என்னை இன்னும் எரிக்கிறது.

திரும்ப ஏறிப்போய், பொறுத்திருங்கள், துரைக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற சாக்கை அம்மாவிடமிருந்து வாங்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள் லெட்சுமி.

"எழுதுங்கக்கா. பதில் வர்ற வரைக்கும் தம்பி தங்கச்சிங்க எங்க படுக்கும்?"

திருத்தம்

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பேர் விழுந்தது. அந்தப் படிவத்தில் வாடகை என்ற கட்டத்தில் நான் 'எட்டாம் வகுப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டார்.

"எட்டு சரி. பக்கத்தில் கைதவறி வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ரூபாய் என்று திருத்துங்கள்."

நான் திருத்தவில்லை, ஆகவே எனக்குப் பட்டமும் இல்லை, லெட்சுமிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, காம்பரா மட்டும் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது.